வயிறு நோகுது என்று சொல்லும் பெடியன்

ஆணின் இரண்டு விதைகளும் ஒரே மட்டத்தில் தொங்குவதில்லை. பலருக்கு இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கலாம். விந்து உருவாக உடற்சூட்டைவிட இரண்டு மூன்று பாகை குறைந்த சூடு வேண்டும். அதனால்தான் மாரிக் கடலில் இறங்கினால் விதைப்பை சுருங்கி மேலேறும். சித்திரை வெயிலில் தளர்ந்து இறங்கும். ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போன்ற சிறு பருக்கள் இருப்பதும் இயல்பே. அது பால்வினை நோயல்ல, தொற்றாது.

குழந்தையின் முன்தோல் பின்னே போகவில்லையென்று சிலர் இழுத்துப் பார்க்கிறார்கள். வேண்டாம். பிறக்கும்போது அது மொட்டோடு ஒட்டித்தான் இருக்கும். தானாக விலகச் சில வருடங்கள் எடுக்கும், சிலருக்குப் பதின்ம வயதும் ஆகும். ஆனால் ஆறு மாதமாகியும் ஒரு விதை பையில் இறங்காவிட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

விதைப்பையில் நீர் கோத்தால் யானைக்கால் நோயோ என்ற பயம் வரலாம். அந்நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தது. வீக்கத்துக்கு வேறு காரணங்கள் பல. ஒரு ஸ்கானில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இளவயதினர் அதிகம் கவனிக்கவேண்டியது விதையிலேயே தட்டுப்படும், நோகாத, கடினமான கட்டியை. புற்றுநோயாக இருந்தாலும் நேரத்தோடு கண்டால் அநேகமாகக் குணமாக்கலாம். நோகவில்லையே என்று விடுவதுதான் ஆபத்து.

இவையெல்லாம் நாளைக்குக் காட்டலாம். ஒன்றுக்கு மட்டும் நாளை இல்லை: விதை முறுக்கிக்கொள்வது. விதையைத் தாங்கும் நாண் திருகி இரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 முதல் 18 வயதுப் பெடியன்களிடம் அதிகம், நித்திரையில்கூட வரும். திடீர் நோ, சத்தி, ஒரு விதை மேலேறி நிற்பது. வெட்கத்தில் பெடியன் 'அடிவயிறு நோகுது' என்றுமட்டும் சொல்வான். சிலருக்கு உண்மையிலேயே வயிற்றில்தான் நோ தெரியும். ஆகவே வாந்தியோடு வயிற்று நோ என்றால் கீழேயும் நோகிறதா என்று தகப்பனோ மாமனோ கேட்கவேண்டும்.

ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் விதையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பன்னிரண்டு தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். தீவகத்தில் நாரந்தனையிலிருந்து வேலணை, பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் படகையும் கணக்கில் சேர்க்கவேண்டும். பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். சாப்பிடவும் கொடுக்காதீர்கள், மயக்கமருந்து தேவைப்படலாம். நள்ளிரவானாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.