எலும்பு குடியேறும் பீங்கான்

தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தின் லண்டன் ரோட்டில் உள்ள குரோய்டன் பல்கலைக்கழக மருத்துவமனையை, 2010இல் பெயர் மாறிய பிறகும், பழையவர்கள் ‘மேடே’ என்றே சொல்வார்கள். ஆனால் தலையில் பலத்த அடிபட்டு அங்கே வருபவருக்கு மூளை அறுவை தேவைப்பட்டால் டூட்டிங்கில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். மூளை வீங்கினால் விரிய இடமில்லை. மண்டையோட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இடம் கொடுக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத மூளை அழுத்தம் உள்ளவர்களைப் பற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. ஓடு திறக்கப்பட்ட பிரிவில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 26.9 விழுக்காடு, மருந்துச் சிகிச்சைப் பிரிவில் 48.9.

பிழைத்தவருக்கு அடுத்த சிக்கல், தலையில் இருக்கும் அந்தப் பள்ளம். வளர்ந்தவர்களின் மண்டையோடு பெரிய இடைவெளியைத் தானாக மூடிக்கொள்ளாது. வெட்டியெடுத்த எலும்பை உறைகுளிரிலோ, நம் ஊர்களில் வழக்கமாகச் செய்வதுபோல் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ பத்திரப்படுத்தித் திரும்பப் பொருத்தலாம். ஆனால் அதில் கிருமி தொற்றலாம். பொருத்திய எலும்பே மெல்லக் கரைந்தும் போகலாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அப்போது டைட்டானியம், பீக் (PEEK) என்ற நெகிழி போன்றவற்றால் ஆன செயற்கைத் தகடுகள் வருகின்றன. மூளையைக் காப்பதில் குறையில்லை. ஆனால் அவை எலும்பாக மாறுவதில்லை.

நுண்துளைப் பீங்கானின் நோக்கம் வேறு. நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. அதற்கு மிக நெருங்கியது ஹைட்ராக்சி அபடைட் என்ற பீங்கான். உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் வேலி போடாமல், அதன்மேலேயே எலும்பைப் படிய விடுகிறது. ஆனால் இரசாயனப் பொருத்தம் மட்டும் போதாது, உள்ளே போக வழியும் வேண்டும். துளை சுமார் 100 மைக்ரான் அகலமாவது இருக்கவேண்டும். 300ஐத் தாண்டினால் இரத்தக் குழாய்கள் நுழைவது எளிது. துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கவும் வேண்டும். முதலில் இரத்தம் உறைந்து அவற்றை நிரப்பும். பிறகு ஓரத்து எலும்பிலிருந்தும் மூளை உறையிலிருந்தும் நுண்குழாய்கள் உள்ளே வரும். அவற்றைப் பின்தொடரும் செல்கள் துளைச் சுவர்களில் எலும்பைப் படிய வைக்கும். பந்தலைப் பற்றிப் பாகற்கொடி ஏறுவதுபோல் பீங்கானைப் பற்றி எலும்பு ஏறுகிறது.

இந்தத் துளைகளுக்கு முன்மாதிரி கடலில் கிடைத்தது. 1974இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெல்லா ராயும் அவர் சகாவும், பவளக்கூட்டின் துளையமைப்பு கெடாமல் அதை ஹைட்ராக்சி அபடைட்டாக மாற்றும் வழியைக் கண்டார்கள். தகட்டை ஒவ்வொருவரின் தலைக்கும் அளவாகச் செய்ய சி.டி. ஸ்கேன் உதவுகிறது. உலகில் முதல் நோயாளிக்கு அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1 அன்று, விம்பிள்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில். அந்த மூளை நரம்பியல் பிரிவுதான் 2003இல் செயின்ட் ஜார்ஜுக்கு இடம்பெயர்ந்தது. பீங்கான் பாண்டங்களுக்குப் பெயர்போன இத்தாலியின் ஃபாயன்சா நகரில் இன்று மண்டையோட்டுத் தகடுகளும் உருவாகின்றன.

ஆனால் எலும்புக்கு வழிவிடும் அதே துளைகள்தாம் தகட்டைப் பலவீனப்படுத்துகின்றன. எலும்பு ஏறும்வரை அது எளிதில் உடையக்கூடியது. முதல் சில மாதங்களில் விழுந்தால் விரிசல் விடலாம். தகடு முழுக்க எலும்பாகிவிடும் என்று குடும்பத்தாரிடம் உறுதி சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ஓரங்கள் முதலில் ஒட்டும். பெரிய தகட்டின் நடுப்பகுதிவரை எலும்பு எட்டுமா என்பது இரத்தக் குழாய்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதைப் பொறுத்தது. ஹைட்ராக்சி அபடைட் எளிதில் கரையவும் கரையாது. ஆகவே சுவீடன் ஆய்வாளர்கள், மெல்லக் கரையும் மோனடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் வில்லைகளை டைட்டானியச் சட்டத்தில் கோத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அவர்களின் ஆய்வில் செம்மறி ஆடுகளின் மண்டையோட்டிலும், ஒரு நோயாளியிடமிருந்து 21 மாதங்களுக்குப் பின் எடுத்த மாதிரியிலும் இரத்தக் குழாய்களோடு முதிர்ந்த எலும்பு தெரிந்தது. பெரிய நம்பிக்கைதான், ஆனால் மனிதரில் அது ஒருவரின் தலை மட்டுமே.

பிறகு எடுக்கும் ஸ்கேனைப் பார்க்கும்போதும் நிதானம் வேண்டும். பீங்கானும் எலும்பைப் போலவே அதில் வெள்ளையாகத் தெரியும். அறுவை முடிந்தவுடன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, தகட்டுக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த கோடு மறைந்திருக்கிறதா என்று மருத்துவரைக் காட்டச் சொல்லுங்கள்.