ஆறு பேர் தூக்கிய பேனல்

வேலூர்ப் பக்கத்து முன்னாள் ராணுவத்தினர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால், ஊரைக் கேட்பதற்கு முன்னால் யூனிட்டைக் கேட்பார்கள். இருவரும் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படையினர், என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, "எந்த டிரேடு?" என் பெரியப்பாவை முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கிற்கு மாத்திரை வாங்க அழைத்துப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி காதில் விழும். "நான் கார்பென்டர்." "நான் பிளாக்ஸ்மித்ங்க, அறுபத்தெட்டு பேட்ச்." அதன் பிறகு டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாலும் இருவருக்கும் கேட்காது. நான்தான் எழுந்துபோய் மாத்திரையை வாங்கி வருவேன்.

பெரியப்பா சேர்ந்தது 1964இல். சீனப் போர் முடிந்து ராணுவத்துக்கு வேகமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். தச்சு வேலை தெரிந்த பையன் என்று ஊரிலிருந்த பழைய ஹவில்தார் ஒருவர் சொல்லிவிட, ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கினார். அல்சூர் ஏரியை ஒட்டிய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் சென்டருக்கு நடந்தே போனாராம். 1780 செப்டம்பர் 30இல் உருவாக்கப்பட்டு, 1834 முதல் பெங்களூரிலேயே இருக்கும், மதராஸ் சாப்பர்ஸ் என்றும் அழைக்கப்படும் படை அது. மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், பிறகு கையில் ஓர் உளியைக் கொடுத்து மரத்தில் ஒரு மூட்டு அறுக்கச் சொன்னார்கள். மூட்டு இடைவெளியில்லாமல் பொருந்தியது. அன்று மாலையே அவர் 'தம்பி' ஆகிவிட்டார். மதராஸ் சாப்பர் எவரானாலும் ராணுவத்தில் அவருக்குத் தம்பி என்றுதான் பெயர்.

இன்று அதே சென்டருக்குப் போக விரும்பும் பையன் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொதுத் தேர்வு எழுத வேண்டும். 2023 முதல் தேர்வு முன்னால், ஓட்டம் பின்னால். சிபாரிசுக்கும் இடைத்தரகருக்கும் இடம் குறைந்திருக்கிறது என்ற வகையில் இது நல்ல மாற்றம். ஹவில்தாரைத் தெரியாத வீட்டுப் பையனுக்கும் இப்போது வழி உண்டு.

பெரியப்பாவின் நினைவில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெய்லி பாலம்தான். இரண்டாம் உலகப்போரின்போது டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்தது. பத்தடி நீளம், ஐந்தடி உயரம் கொண்ட இரும்புப் பேனல்களைக் கோத்துக் கோத்து நீட்டுவது. ஒரு பேனல் சுமார் 260 கிலோ. கிரேன் வேண்டாம். மூன்று கம்பிகளைப் பேனலுக்குள் செருகி, கம்பிக்கு இருவராக ஆறு பேர் தூக்குவார்கள். உயரம் ஒத்த ஆட்களைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். ஒருவர் இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தாலும் பாரம் தோள்களுக்குச் சமமாகப் பிரியாது. பேனலும் பேனலும் சேருமிடத்தில் ஓட்டையோடு ஓட்டை பொருந்தும்போது ஒருவர் இரும்பு 'பின்'னை அடித்து இறக்குவார். பெரியப்பாவின் இடது கட்டைவிரல் நகம் இன்றும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. "இருட்டுல பின் அடிச்சது. லைட் போடக்கூடாதுன்னு ஆர்டர். விரலால தடவிப் பார்த்துதான் ஓட்டையைக் கண்டுபிடிக்கணும்" என்பார்.

பாலத்தை ஆற்றுக்குள் இறங்கிக் கட்டுவதில்லை. இக்கரையில் உருளைகளின் மேல் கட்டி, முன்பக்கம் இலேசான ஒரு 'நோஸ்' பூட்டி, பின்பாரம் முன்பாரத்தைவிட அதிகமாக இருக்கும்படி கணக்குப் பார்த்து அக்கரைக்குத் தள்ளுவார்கள். கணக்கு பிசகினால் அத்தனையும் ஆற்றுக்குள். "எட்டாம் கிளாஸ் படிச்சவன்டா நான். அந்தக் கணக்கு மட்டும் இன்னைக்கும் தப்பாது."

இப்போது 'சர்வத்ரா' வந்திருக்கிறது. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய இந்தப் பாலம் லாரியின் முதுகில் மடிந்து கிடக்கிறது. ஹைட்ராலிக் கைகள் அதை விரித்து இறக்குகின்றன. ஒரு லாரிக்கு 15 மீட்டர், ஐந்து லாரிகள் சேர்ந்தால் 75 மீட்டர். கனமான டாங்குகள் அதன்மேல் போகும். தோளில் தழும்பு இல்லை, விரல் நசுங்குவதில்லை. எதிரியின் பார்வையில் ஆற்றங்கரையில் நிற்க வேண்டிய நேரமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த நேரம்தான் அன்று உயிர்களைத் தின்றது. இதைச் சொன்னபோது பெரியப்பா மறுக்கவில்லை. "நல்லதுதானே. எங்க முதுகெலும்பு எல்லாருக்கும் தேய்ஞ்சுபோச்சு" என்றார்.

கண்ணிவெடி வேலையும் அப்படித்தான். குப்புறப் படுத்துக்கொண்டு, இரும்புக் கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி நகர்ந்த வேலை அது. அகற்றிய பாதைக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் மதராஸ் சாப்பர் ஒருவர் கண்ணிவெடியை மிதித்துவிட்டார். அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்த நிலையில், சுபேதார் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில் பசந்தர் ஆற்றங்கரையிலும் இரவோடு இரவாகக் கண்ணிவெடி வயலில் டாங்குகளுக்குப் பாதை திறந்தவர்கள் சாப்பர்கள்தான். இன்று டாங்கின் முன்னால் பூட்டிய உருளைகளும் கலப்பைகளும் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்றன. அந்தத் திறமையின் நினைவு கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, இந்த ஒரு வேலை மனிதன் கையைவிட்டு முழுதாகப் போகட்டும் என்றே நான் நினைக்கிறேன்.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலையில் இருந்த பாலம் அடித்துக்கொண்டு போக, முண்டக்கை துண்டிக்கப்பட்டது. அங்கே போனது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். கொண்டுபோனது பெய்லி பாலம். பெரியப்பா இரண்டு நாளும் டி.வி.யை விட்டு எழுந்திருக்கவில்லை. செய்தியாளர் என்ன பேசினாலும் அவர் கண் பின்னால் நடக்கும் வேலையில்தான் இருந்தது. "குறுக்கே டிரான்சம் போட்டாச்சு. இனிமே மேல தளம்தான். விடியறதுக்குள்ள தள்ளிடுவாங்க பாரு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜேசிபியும் வெளிச்சமும் இருந்தன. ஆனாலும் கொட்டும் மழையில் பேனலுக்குப் பின் அடித்தது கைகள்தான். 190 அடிப் பாலம், 24 டன் தாங்கக்கூடியது, ஆகஸ்ட் 1 மாலை தயாரானது. அதன்மேல் நின்றிருந்த அதிகாரியைப் பார்த்துப் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேஜர் சீதா ஷெல்கே. 1992 வரை இந்திய ராணுவத்தில் மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண் அதிகாரிகளே கிடையாது. பெரியப்பா பதினேழு வருட சர்வீஸில் ஒரு பெண்ணிடமிருந்தும் ஆர்டர் வாங்கியதில்லை. "நல்லா வேலை வாங்குது அந்தப் பொண்ணு" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

வீட்டோடு இருந்த தொடர்பு மாறியதைச் சொல்ல அதிகம் இல்லை. அன்று 56 ஏ.பி.ஓ. என்று முகவரி எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அவருக்கு மகள் பிறந்த செய்தி அப்படித்தான் போனது. இன்று சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஜவான் குழந்தையின் முகத்தை அன்றே பார்த்துவிடுகிறான். இதில் இழப்பு என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. பென்ஷன் தொடர, நவம்பர் மாதத்தில் உயிரோடு இருப்பதைக் காட்ட பெரியப்பா நேரில் போய் நின்ற காலமும் போய்விட்டது. இப்போது பேரன் செல்போனில் முகத்தைக் காட்டச் சொல்கிறான், முடிந்தது.

என் கவலை வேறு. பெரியப்பாவுக்கு டிரேடு கைவந்தது முதல் நான்கு வருடத்தில் அல்ல. "அஞ்சாவது வருஷத்துலேர்ந்துதான் என்னைக் கேட்காம யாரையும் பின் அடிக்க விடமாட்டாங்க" என்பார். கொத்தனார், தச்சர், கொல்லர், பிளம்பர் என்று சென்டரில் கற்றதைப் பத்துப் பதினைந்து வருடம் மலையிலும் பாலைவனத்திலும் பழகி, ஓய்வுபெற்று வந்து ஊரில் வீடு கட்டினார்கள். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் கதவு பெரியப்பா செய்தவை. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்பவருக்குப் பயிற்சியையும் சேர்த்து நான்கு வருடம். அவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும், பென்ஷன் இல்லை. இளமையான படை வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் இருட்டில் விரலால் தடவி ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கைக்கு நான்கு வருடம் போதாது என்பதே என் எண்ணம்.

உங்கள் தெருவிலும் ஒரு பழைய சாப்பர் இருப்பார். எத்தனை போர் பார்த்தீர்கள் என்று எல்லோரும் கேட்டிருப்பார்கள். நீங்கள் எந்த டிரேடு என்று கேளுங்கள், சொல்வதை எழுதி வையுங்கள். 1971இல் களத்தில் நின்றவர்களில் மிக இளையவருக்கும் இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.