தடுப்புத் திரவமும் ஈரமும்

மாரி காலத்தில் மன்னார்த் தீவில் மூடாது வைத்த உப்பு விரைவிற் கசிந்து நீராதலை அங்குள்ளார் யாவரும் அறிவர். காற்றிலுள்ள ஈரத்தை உப்பு ஈர்த்தலே அதற்குக் காரணமாகும். மோட்டார் வண்டியின் தடுப்புத் திரவமும், அதாவது வழக்கிற் 'பிறேக் ஒயில்' எனப்படுவதும், இவ்வியல்பினதே. உப்புக் கசிந்தால் இழப்புச் சிறிது; இத்திரவத்தில் ஈரம் ஏறின், விரைந்தோடும் வண்டியில் உயிருக்கே ஊறு நேரலாம்.

மிதியை அழுத்துங்கால், தலைமை உருளையிலுள்ள திரவம் அவ்வமுக்கத்தைக் குழாய் வழியே நான்கு சில்லுகளுக்குங் கொண்டு செல்கின்றது. அடைபட்ட திரவத்தில் அமுக்கம் எத்திசையும் ஒப்பப் பரவும் என்னும் பஸ்காலின் விதியே இதற்கு அடிப்படை. திரவம் எளிதிற் சுருங்காது, ஆவியோ சுருங்கும். திரவம் கொதித்துக் குமிழி தோன்றின் மிதி அடிவரை தாழும், வண்டி நில்லாது. ஆதலின் கொதிநிலையே இத்திரவத்தின் தலையாய குணமாகும்.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் நெடுஞ்சாலை பெரும்பாலுஞ் சமநிலம். ஆங்குத் தடுப்பு ஆறுதற்குப் போதிய நேரமுண்டு. ஓட்டக்களத்தில் அஃதில்லை. சென்னைக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறக்கப்பட்ட களம் ஏறக்குறைய 3.7 கிலோமீற்றர் சுற்றளவினது. இத்தகைய களங்களிற் சொந்த வண்டியை ஓட்டிப் பழகுவோர், சுற்றுத்தோறும் பன்முறை வேகத்தைக் கடிதிற் குறைத்தல் வேண்டும். 1200 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 144 கிலோமீற்றரிலிருந்து 72 ஆக வேகங் குறையுங்கால், ஏறத்தாழ 7 இலட்சம் யூல் சக்தி வெப்பமாகின்றது. 30 பாகையிலுள்ள 2 லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்ய இஃது ஒன்றே போதும்.

ஐக்கிய அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் வகுத்த தரங்கள் 'டொட்' என்னும் பெயரால் வழங்குகின்றன. புதிய திரவத்தின் கொதிநிலை டொட் 3 இற்கு 205 பாகையும், டொட் 4 இற்கு 230 பாகையும், டொட் 5.1 இற்கு 260 பாகையும் குறையாதிருத்தல் வேண்டும். ஏறக்குறைய நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் இவை முறையே 140, 155, 180 எனத் தாழ இடமுண்டு. முன்னையது உலர் கொதிநிலை, பின்னையது ஈரக் கொதிநிலை எனப்படும்.

பெயரளவில் டொட் 5.1 ஐ ஒத்த டொட் 5 சிலிக்கோனால் ஆயது, ஏனையவற்றோடு கலவாது. அது நீரை ஈர்ப்பதில்லை. எனினும் புகுந்த நீர் தனித்துத் தங்கும். மேலும் வெப்பத்திற் சிறிது சுருங்கும் இயல்பினதாகலின் மிதி மென்மையாகும். ஆதலின் அது களத்திற்குப் பொருந்தாது.

பந்தயத்திற்கென ஆக்கப்படும் திரவங்கள் 300 பாகைக்கு மேல் நிற்பன. அவற்றுள்ளும் வேறுபாடுண்டு. மொத்தூல் ஆர்.பி.எஃப். 660 இன் உலர் கொதிநிலை 325. ஈரக் கொதிநிலையோ ஏறக்குறைய 205. காஸ்ட்ரோல் எஸ்.ஆர்.எஃப். இற்கு அவை 320, 270 ஆம். களஞ் செல்லுமுன் ஒவ்வொரு முறையும் திரவத்தை மாற்ற வல்லார்க்கு முன்னையது போதும். நெடுநாள் மாற்றாது ஓட்டுவார், சிறப்பாகக் கடற்காற்று இடையறாது வீசும் பேசாலை, தலைமன்னார்ப் பகுதியில் வண்டியை நிறுத்துவார், ஈரக் கொதிநிலையையே முதலில் நோக்கல் வேண்டும். இறப்பர்க் குழாய் வழியும் தொட்டியின் காற்றுத்துளை வழியும் ஈரம் சிறிது சிறிதாகப் புகும். பாதி ஒழிந்த புட்டியை அலுமாரியில் வைத்துச் சென்ற ஆண்டின் திரவத்தை இவ்வாண்டு ஊற்றுதல் சிக்கனமன்று. நிறத்தைக் கண்டு அதன் வலிமையைத் துணிதலும் இயலாது.

கிளச்சுக்குத் தனித் திரவம் பெரும்பாலும் வேண்டுவதில்லை. பல வண்டிகளில் இரண்டும் ஒரே தொட்டியினின்று ஊட்டப்படுவன. எனினும் அதன் உருளை சூடேறிய கியர்ப் பெட்டியின் அருகிலிருத்தலின், ஆண்டுள்ள திரவமும் கெடும்; கிளச்சு முற்றும் விடுபடாது, கியர் மாறுதல் அரிதாகும். தடுப்பின் பழந்திரவத்தை வடிப்போர் கிளச்சின் குழாயை மறந்துவிடுதல் பெருவழக்கு. சில வண்டிகளுக்குக் கனிய எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. அதனைப் பிறவற்றில் ஊற்றின் இறப்பர் வளையங்கள் வீங்கிக் கெடும். ஆதலின் தொட்டியின் மூடியிற் பொறித்துள்ளதை வாசித்த பின்னரே புட்டியைத் திறத்தல் வேண்டும்.

புட்டியில் அச்சிட்ட எண் அதனைத் திறந்த நாளுக்கே உரியது; வளைவில் வண்டியை நிறுத்துவது அன்று குழாயினுள் உள்ள திரவமே. விலைமிக்க திரவத்தை வாங்கிப் பழகவிடுவதினும், நடுத்தரமானதைப் புதிதாக ஊற்றிக் காலந் தவறாது மாற்றுதல் பாதுகாவலாம்.