நீரோ கலந்த செம்பு

வைகை ஆற்று மணலில் கிடைக்கும் பழங்காசுகளில், விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, முகம் தேய்ந்த செப்புக்காசுகள் ஏராளம். 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் அவை. மதுரையிலும் கரூரிலும் கிடைத்தவற்றை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலாகவே தொகுத்தார்.

முதல் நூற்றாண்டில் ரோமிலிருந்து இங்கே வந்தது செம்பு அல்ல, தங்கமும் வெள்ளியும். கோவையை அடுத்த வெள்ளலூர்ப் புதையலில் இருந்த வெள்ளி ‘தினாரியஸ்’ நாணயங்களில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. அவை ஏறக்குறைய சுத்த வெள்ளி. அன்றைய ரோமில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் 12 பங்கு வெள்ளி ஈடு.

கி.பி. 64இல் பேரரசர் நீரோ தினாரியஸின் எடையைச் சுமார் 3.9 கிராமிலிருந்து 3.4 ஆகக் குறைத்தார். வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு செம்பும் கலந்தார். ஆனால் காசு பளபளவென்றே இருந்தது. முத்திரையிடாத காசு வில்லையைச் சூடாக்கினால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிக் கறுக்கும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதுபோல், அமிலத்தில் நனைத்தால் கறுப்பு கரைந்துபோகும். மிஞ்சுவது மெல்லிய வெள்ளித் தோல். மேற்பரப்பை மட்டும் அளந்த நவீன ஆய்வாளர்களும் இதில் ஏமாந்தார்கள். காசின் உள்ளே துளையிட்டு எடுத்த துகளைச் சோதித்த பிறகே உண்மை தெரிந்தது.

நீரோவின் மாற்றத்துக்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் தமிழகப் புதையல்களில் அரிது. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானிய ‘வெள்ளி’க் காசில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

தங்கம் மட்டும் தப்பியது. நீரோ அதன் எடையைக் குறைத்தாரே தவிர, மாற்றைக் குறைக்கவில்லை. எடைக் குறைவைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்து வாங்குபவருக்கு நஷ்டமில்லை. 1898இல் புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு. உள்ளே வேறு உலோகம் உண்டா என்று பார்த்தார்களா, புழக்கத்திலிருந்து நீக்கினார்களா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இன்று மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் எக்ஸ்-கதிர்க் கருவி நொடியில் மாற்றைச் சொல்லிவிடும். அதுவும் மேல்தோலைத்தான் பார்க்கிறது. 916 முத்திரைக்கு முன், மாதிரித் துணுக்கை உருக்கிச் சோதிக்கும் பழைய முறையை ஹால்மார்க் மையங்கள் கைவிடாததற்குக் காரணம் அதுதான். உலோகத்தின் விலை அதன் அருமையில் பாதி. மீதி, அதைச் சோதித்துப் பார்க்க முடிவதில்.