காற்றில் குளிரும் வண்டிக்குக் கூலன்ட் எதற்கு?

தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையம் 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்டதிலிருந்து நாட்டின் நாலா பக்கத்து மரக்கறியும் இந்த நகரைத் தொட்டே போகிறது. லொறிகள் எல்லோர் கண்ணிலும் படும். அந்த லொறிகளைச் சுற்றி இயங்கும் சிறு உலகம் ஓடுவதோ ஸ்கூட்டரில்தான். கணக்குப்பிள்ளை, தேநீர்க் கடைக்காரர், சீகிரிய ஹோட்டல்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள், நாவுலப் பக்கம் படிப்பிக்கப் போகும் ஆசிரியை எனப் பலருக்கும் அதுவே கால். பங்குனி, சித்திரை வெயிலில் ஏ9 வீதியின் தார் இளகும் நேரத்தில் கராஜ்களில் அடிக்கடி விழும் முறைப்பாடு: “வண்டி சரியான ஹீட்.” அடுத்து வரும் கேள்வி: “கூலன்ட் ஊத்தினா சரியாகுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானோரின் ஸ்கூட்டரில் கூலன்ட் ஊற்ற இடமே கிடையாது. தன் வண்டி எந்த வழியில் குளிர்கிறது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் காசைக் கரைக்கும். சில வேளை எஞ்சினையும் கொல்லும்.

எந்த வகை வண்டி?

இலங்கை வீதிகளில் அதிகம் காணும் ஹொண்டா டியோ, யமஹா ரே, ஹீரோ பிளெஷர் போன்றவை காற்றால் குளிர்பவை. மோட்டார் சைக்கிளின் எஞ்சின் திறந்த வெளியில் இருப்பதால் ஓடும்போது அடிக்கும் காற்றே அதற்குப் போதும். ஸ்கூட்டரின் எஞ்சின் இருக்கைக்குக் கீழே மூடிக்குள் அடைந்து கிடக்கிறது. அதனால் எஞ்சினின் வலப்பக்கத்தில், சுழல் தண்டிலேயே ஒரு விசிறி பொருத்தியிருப்பார்கள். அது காற்றை உள்ளே இழுத்து, பிளாஸ்டிக் உறை வழியாகச் சிலிண்டரின் செதில்கள் மீது செலுத்தும். இது புதிய ஏற்பாடல்ல. இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முதல் வெஸ்பாவிலும் விசிறிக் காற்றுத்தான் 98 சிசி எஞ்சினைக் குளிர்வித்தது.

ஹொண்டா பிசிஎக்ஸ், யமஹா என்மெக்ஸ் போன்றவை வேறு இனம். இவற்றில் ரேடியேற்றர், நீர்ப்பம்பு, தெர்மோஸ்டற், குழாய்கள், மேலதிகக் கூலன்ட் தொட்டி எல்லாம் உண்டு. கூலன்ட் ஒழுக்கு என்ற பேச்சு இவற்றுக்கு மட்டுமே பொருந்தும். டியோவின் அடியில் ஈரம் சொட்டினால் அது ஒயிலாகவோ, பெற்றோலாகவோ, நேற்றுக் கழுவிய தண்ணீராகவோ இருக்கும்; கூலன்டாக இருக்காது. சந்தேகம் இருந்தால் வண்டியோடு வந்த கைநூலைப் புரட்டுங்கள். அது தொலைந்திருந்தால், முகப்பில் எஞ்சின் வெப்பத்துக்கென எச்சரிக்கை விளக்கும், வண்டியில் கூலன்ட் தொட்டியும் இருக்கின்றனவா என்று கராஜில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடு எல்லாம் நோயல்ல

எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாகச் சைலன்ஸர் வழியாகவும் எஞ்சின் சுவர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். ஆகவே ஓடி வந்த எஞ்சின் கைவைக்க முடியாத அளவு சுடுவது இயல்பு. நோயின் அடையாளங்கள் வேறு. சூடேறியதும் இழுவை குறைவது, ஏற்றத்தில் உலோகம் தட்டுவது போன்ற சத்தம், நிறுத்தியபின் உடனே ஸ்டார்ட் ஆக மறுப்பது, எரிந்த ஒயில் வாசனை ஆகியவற்றில் ஒன்று தொடர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் உதவும். அதன் முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். வெளிறிக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

சூடு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இந்த ஸ்கூட்டர்களில் வலப்பக்கம் விசிறி. இடப்பக்க நீண்ட பெட்டிக்குள் பெல்ட்டும் கிளட்சும். இடப்பக்கத்திலிருந்து கருகிய இறப்பர் வாசனை வந்தால் எஞ்சினைக் குற்றம் சொல்லாதீர்கள். பெல்ட் தேய்ந்திருக்கும், கிளட்ச் வழுக்கும், அல்லது அந்தப் பெட்டிக்குரிய காற்றுத்துளை அடைபட்டிருக்கும்.

காற்று வரும் வழி

காற்றால் குளிரும் ஸ்கூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது வலப்பக்கத்து வலைமூடி. தம்புள்ளையைச் சூழ்ந்த நிலம் பெரிய வெங்காயத்துக்குப் பெயர்போனது. சிறுபோக அறுவடைக் காலத்தில் வெங்காயச் சருகு காற்றோடு பறக்கும். மழையற்ற மாதங்களில் கச்சான் காற்று செம்மண் புழுதியை அள்ளி வரும். விசிறிக்கு நல்லது கெட்டது தெரியாது. வலை வழியாக நுழையும் அளவிலானது எதுவென்றாலும் உள்ளே இழுக்கும். செதில்களுக்கு இடையே படியும் புழுதி, கசியும் ஒயிலோடு சேர்ந்தால் களிபோல இறுகிவிடும். வெளியே பளபளவென்று கழுவிய வண்டியிலும் உள்ளே இந்தப் போர்வை இருக்கலாம். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியென்றால் எலி கட்டிய கூட்டையும் எதிர்பார்க்கலாம்.

இதைவிட மோசமானது மனிதர் செய்யும் வேலை. எஞ்சினைத் திறந்து மூடும்போது பிளாஸ்டிக் உறையின் ஒரு துண்டை “அது இல்லாட்டியும் ஓடும்” என்று விட்டுவிடுவது, உடைந்த காதுக்குப் பதிலாக ஒரு கம்பியைச் சுற்றுவது, நான்கு ஸ்குரூ இருந்த இடத்தில் இரண்டை மட்டும் பூட்டுவது எல்லாம் நடக்கின்றன. வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் செதில்களை நோக்கிப் போக வேண்டிய காற்று இடைவெளி வழியாக வெளியேறிவிடும். காற்று நன்றாகப் படட்டும் என்ற நல்ல எண்ணத்தில் உறையை முழுதாகக் கழற்றிவிடுபவர்களும் உண்டு. உறை காற்றைத் தடுப்பதில்லை, சிலிண்டரைச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதைக் கழற்றினால் விசிறி வீணாகச் சுழலும்.

சந்தைச் சாமான் தொங்கும் பை வலப்பக்க வலைமூடியை மறைத்தாலும் இதே கதிதான். பையை முன்னே, கால் வைக்கும் தட்டில் வையுங்கள்.

ஒயிலும் குளிரூட்டிதான்

ஸ்கூட்டர்க்காரர் பலர் மறப்பது இதை. காற்றால் குளிரும் எஞ்சினில் ஒயில் தேய்மானத்தைத் தடுப்பதோடு பிஸ்டனின் சூட்டையும் கடத்திச் செல்கிறது. 110 சிசி ஸ்கூட்டருக்குப் பிடிப்பது முக்கால் லீற்றர் அளவு ஒயில்தான். அதில் கால் லீற்றர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மீதி ஒயில் அத்தனை வேலையையும் சுமந்து விரைவில் கருகும்.

மாதம் இருமுறையேனும் சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக்குச்சியைப் பாருங்கள். குச்சியை முறுக்கிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; கைநூல் சொல்வதே சரி. ஒயில் வாங்கும்போது போத்தலில் ‘ஜாசோ எம்பி’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது ஜப்பானியத் தர அடையாளம். ஒயிலில் ஊறாத கிளட்ச் உடைய ஸ்கூட்டர்களுக்குரியது. மோட்டார் சைக்கிளுக்குரியது ‘எம்ஏ’. தடிப்பான ஒயில் வெயிலுக்கு நல்லது என்று கைநூலில் சொல்லாத தரத்துக்குத் தாவ வேண்டியதில்லை.

பெற்றோல் மிச்சம் பிடிக்கக் காபுரேற்றரை இறுக்கச் சொல்வதும் சூட்டை வரவழைக்கும் வேலைதான். பெற்றோல் குறைந்து காற்று கூடிய கலவை எஞ்சினை அதிகம் சூடாக்கும். காபுரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் இறப்பர் வெடித்திருந்தாலும் இதுவே நடக்கும். பிடித்தபடி உரசும் பின் பிரேக், காற்றுக் குறைந்த ரயர், இறுகிய வால்வு இடைவெளி ஆகியவையும் பார்க்க வேண்டியவை.

கூலன்ட் எங்கே போகிறது?

இனி ரேடியேற்றர் வண்டிகள். கூலன்ட் மூடிய வழியில் சுற்றுவது; சரியான வண்டியில் அது அடிக்கடி குறையக்கூடாது. மாதாமாதம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

வெளி ஒழுக்கைக் கண்டுபிடிப்பது எளிது. காய்ந்த கூலன்ட் பச்சை, இளஞ்சிவப்பு அல்லது வெண்மையான பொருக்காகப் படிந்திருக்கும். குழாய்க் கவ்விகளின் ஓரம், கல் பட்ட ரேடியேற்றர்ச் செதில், மூடியின் இறப்பர் வளையம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். குழாயை எஞ்சின் ஆறியபின் விரலால் அமுக்கினால் விறைப்பாகவோ, வெடிப்போடோ, ஊதியோ இருந்தால் மாற்ற வேண்டும். நீர்ப்பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது என்பதை அறிவிக்கவே அதை வைத்திருக்கிறார்கள். அங்கே சொட்டினால் சீலை மாற்றுங்கள்; துளையைப் பசை வைத்து அடைத்தால் கூலன்ட் ஒயிலுக்குள் போய்ச் சேரும்.

வெளியே ஈரமில்லாமல் கூலன்ட் குறைவதுதான் ஆபத்தானது. சைலன்ஸரில் இனிப்பு வாசனையோடு நீங்காத வெண்புகை, பால்தேநீர் நிறத்தில் ஒயில், எஞ்சின் ஓடும்போது தொட்டியில் குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கட் போனதன் அறிகுறிகள். அப்படியானால் ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள்.

கிணற்று நீர் வேண்டாம்

தம்புள்ளை உலர் வலயம். நிலத்தடி நீர் பல இடங்களில் கடின நீர். கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் பிடிக்கும் படிவை இங்கே காட்டாத வீடு குறைவு. அதே கல்சியப் படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழல்களிலும் பிடித்து வழியை அடைக்கிறது. குழாய்க் கிணற்று நீரை ஒரு தரம் ஊற்றியதால் வண்டி நின்றுவிடாது. ஊற்றுவதே வழக்கமானால் ரேடியேற்றருக்கு ஆயுள் குறையும்.

கூலன்ட் என்பது பொதுவாக எத்திலீன் கிளைக்கோலும் கனிமம் நீக்கிய நீரும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்தது. துருவைத் தடுக்கும் சேர்மானங்களும் அதில் உண்டு. வெறும் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். இக்கலவை அதற்குச் சில பாகை மேலேயும், மூடியின் அழுத்தம் சேர்ந்தால் 120 பாகையையும் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஒரு மூடியின் தேய்ந்த இறப்பர்கூட வண்டியைக் கொதிக்க வைத்துவிடுகிறது. கலந்தே விற்கும் கூலன்டை வாங்குவது மேல். கலக்க வேண்டுமானால் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துங்கள். கைநூல் சொல்லும் காலத்தில், வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, முழுதாக மாற்றுங்கள். பழையதை நிலத்தில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிச் சாகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து.

வழியில் கொதித்தால்

தம்புள்ளையிலிருந்து கண்டி சுமார் 72 கிலோமீற்றர். நாவுல, நாலந்தா வழியாக வீதி மெல்ல ஏறி மாத்தளையை அடையும். பிறகு அக்குறணை நெரிசல். இருவரும் மூட்டையும் ஏறிய ஸ்கூட்டருக்கு இது கடும் சோதனை. இழுவை குறைந்தாலோ எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ அடுத்த சந்தி வரை போகலாம் என்று நினைக்காதீர்கள். நிழலில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். சுடும் எஞ்சின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் வளையவோ வெடிக்கவோ கூடும். ஆறியபின் காற்று வண்டியில் ஒயில் அளவையும் வலைமூடியையும், நீர் வண்டியில் கூலன்ட் அளவையும் பாருங்கள். இரண்டாம் முறையும் கொதித்தால் பயணம் அங்கேயே முடிந்தது. வண்டியை ஏற்றிச் செல்ல ஆளைத் தேடுங்கள்.

கராஜில் கேட்க வேண்டியது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய ஸ்கூட்டரை விற்றுப் புதியது வாங்கும் எண்ணத்தைப் பலர் கைவிட்டார்கள். இன்று வீதியில் ஓடும் வண்டிகளில் கணிசமானவை பல முறை கழற்றிப் பூட்டப்பட்டவை. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்றும் செலவோடு பார்த்தால் ஒரு போத்தல் ஒயிலும் ஒரு பிளாஸ்டிக் உறையும் சொற்பம்.

அடுத்த முறை சர்விஸுக்கு விடும்போது கழுவிப் பொலிஷ் போடச் சொல்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: விசிறி மூடியைக் கழற்றிச் செதில்களைத் துப்புரவாக்குவீர்களா, உறையின் எல்லா ஸ்குரூவையும் திரும்பப் பூட்டுவீர்களா, எந்தத் தரத்து ஒயில் ஊற்றுவீர்கள்? ரேடியேற்றர் வண்டியென்றால் கூலன்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத கராஜில் வண்டியை விடாதீர்கள்.