வத்தல்மலையில் இயற்கையின் வியப்புகள்

வத்தல்மலை தருமபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் 3,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ள மலைப்பகுதி. பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு உள்ளிட்ட சிற்றூர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். காப்பி, மிளகு, சாமை, கேழ்வரகு ஆகியவை இங்கு விளைகின்றன. இம்மலையின் ஒலி, அசைவு, காட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தபின் வியப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

ஒலி

மலைக்காடுகளில் இடைவிடாமல் கேட்கும் இரைச்சல் சில்வண்டுகளுடையது. ஒலி எழுப்புவது பெரும்பாலும் ஆண் வண்டுகளே. வயிற்றின் இருபுறமும் உள்ள விறைப்பான சவ்வுகளைத் தசைகள் விரைவாக உள்ளிழுத்து விடும்போது ஒலி பிறக்கிறது. உள்ளீடற்ற வயிறு அதைப் பெருக்குகிறது. இளம் பருவத்தில் இவை மண்ணுக்குள் வேர்ச்சாற்றை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. வெளியே பாடும் காலம் சில வாரங்களே.

அசைவு

வெயிலில் சூடான பாறைச்சரிவுகளிலிருந்து வெப்பக்காற்று மேலெழும். பருந்துகள் அதில் இறக்கையை விரித்து, அடிக்காமலேயே வட்டமிட்டு உயர்கின்றன. ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து, நீராவி நுண்துளிகளாகி மூடுபனியாக நகர்கிறது.

காட்சி

காப்பி மொட்டுகள் வறட்சியில் உறங்கிக் கிடக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை பெய்த ஏறத்தாழ பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெண்மையாகப் பூக்கும். மணம் மல்லிகையை ஒத்தது. இரண்டு மூன்று நாட்களில் பூ வாடிவிடும். பார்ப்பவருக்கு இது அழகு. பயிரிட்டவருக்கோ அந்த ஆண்டின் வருமானம். மழை தவறினால் பூவும் குறையும், காயும் குறையும்.

காக்க வேண்டியவை

கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் சாலை மலைமக்களின் மருத்துவத்துக்கும் சந்தைக்கும் இன்றியமையாதது. அதே சாலையில் சுற்றுலா வாகனங்களும் ஒலிப்பான்களும் வருகின்றன. நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, இரைச்சல் மிகுந்த இடங்களில் சிட்டுகள் தாழ்ந்த சுருதியைத் தவிர்த்துப் பாடுவதைக் காட்டியது. இணையை அழைக்கவும் எல்லையை அறிவிக்கவும் பாடும் பறவைக்கு இது வாழ்க்கைச் சிக்கல்.

எனவே வத்தல்மலைக்குச் செல்லும் மாணவர்கள் வண்டியை நிறுத்தி, பாட்டை அணைத்து, பத்து நிமிடம் பேசாமல் நிற்கலாம். கேட்ட ஒலிகளையும் கண்ட அசைவுகளையும் தேதியிட்டுக் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எது குறைந்தது, எது மிஞ்சியது என்பது தெரியவரும்.