பிள்ளையின் மலம் என்ன நிறம்?

கெடாவில் பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் பச்சைக்குழந்தைக்கு மஞ்சள் கண்டால் பாட்டிமார் சொல்லும் முதல் வைத்தியம் காலை வெயில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மஞ்சள் தானாகவே இறங்கிவிடும். நல்ல பெயர் வெயிலுக்குப் போய்விடும். 14 நாளாகியும் இறங்காத மஞ்சள் வேறு. அதற்குப் பின்னால் பித்தநாள அடைப்பு இருக்கலாம். அது அறுவை சிகிச்சை தேவைப்படும் நோய்.

கல்லீரலில் ஊறும் பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய்கள் இந்நோயில் தழும்பேறி மூடிக்கொள்கின்றன. தாய் சாப்பிட்ட எதுவும் இதற்குக் காரணமல்ல. மலத்துக்கு நிறம் தருவது பித்தநீர்தான். அது இறங்காவிட்டால் மலம் களிமண் நிறத்தில் வெளிறும். சிறுநீர் அடர்மஞ்சளாகித் துணியில் கறைபடும். பிள்ளையோ முதல் வாரங்களில் நன்றாகப் பால் குடிக்கும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். தேங்கிய பித்தநீர் உள்ளே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1959-இல் இதற்கு வழி சொன்னார். கெட்ட குழாய்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலோடு நேராகத் தைப்பது அவர் முறை. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் ஓட வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக அது குறையும். பிறகு கல்லீரல் மாற்று ஒன்றே வழி. அறுவைக்குப் பிறகும் சிலருக்கு அது தேவைப்படலாம். தைவான் 2004 முதல் நாடு முழுவதும் தாய்மாருக்கு மல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை கொடுத்தது. உரிய நாளுக்குள் அறுவைக்கு வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது.

நம் வீடுகளில் பத்திய நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பேம்பர்ஸ் மாற்றுவதும் பெரும்பாலும் பாட்டிதான். வெளிறிய மலத்தை முதலில் காணப்போவதும் அவர்தான். அதைக் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுக்கு வரும் தாதியிடமோ கிளினிக் டேசாவிலோ அன்றே காட்டுங்கள். இது தாய்ப்பாலால் வரும் சாதாரண மஞ்சள்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால், நேரடி பிலிருபின் இரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். இரண்டு வகை மஞ்சளையும் பிரித்துக் காட்டும் முதல் சோதனை அது. அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனையில் குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தோட்டத்திலிருந்து அங்கே போகும் தூரத்தைவிட, "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று வீட்டில் கழிக்கும் நாட்களே பிள்ளைக்கு ஆபத்து.